பள்ளியில் ஒரு பாட்டு வகுப்பு: சேவைச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

வேலூரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கப் போயிருந்தோம். தலைமை ஆசிரியர் அறையில் இருந்த பச்சை இரும்பு பீரோவைத் திறந்தபோது கீழ்த்தட்டில் ஒரு கீபோர்டு கிடந்தது, பிளாஸ்டிக் உறைகூட முழுசாகப் பிரிக்கவில்லை, மேலே எங்கள் சங்கத்தின் ஸ்டிக்கர். பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி ஆறும் கசிந்து, ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்திருந்தது. நான்கு வருடம் முன்னால் நாங்கள்தான் மேடை போட்டு, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து அதைக் கொடுத்தோம். அந்தப் பள்ளியில் அதை வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். ரோட்டரி, அரிமா, இன்னர் வீல், ஜேசிஸ் என்று எதில் சேர்ந்திருந்தாலும் சரி, "பிள்ளைகளுக்கு இசைக்காக ஏதாவது செய்யலாமே" என்று ஆசைப்படுகிற புதியவர்கள் ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேராவது வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, காசை ஆசிரியருக்குச் செலவழியுங்கள், கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். கீழே இருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

சங்கத்து வருடமும் பள்ளி வருடமும்

ஜேசிஸுக்கு வருடம் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை, அது தவிர நம் சங்கங்களின் வருடம் ஜூலை 1-ம் தேதி தொடங்கி ஜூன் 30-ம் தேதி முடிகிறது, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் அதோடு மாறுகிறார்கள். 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸும் நண்பர்களும் ஒவ்வொருவர் அலுவலகமாக மாறி மாறிக் கூடியதால்தான் ரோட்டரிக்கு அந்தப் பெயரே வந்தது, தமிழில் சுழற்சங்கம் என்கிறோம். பதவி சுழல்வது நல்ல வழக்கம்தான். ஆனால் பள்ளி ஜூனில் திறந்துவிடுகிறது. நமக்கு ஜூலையில் பதவியேற்பு விழா, அதன் பிறகு சங்கத்தின் மாவட்ட ஆளுநர் வருகைக்கான ஏற்பாடு, ஆகஸ்டில்தான் போர்டு மீட்டிங்கில் திட்டம் பேச்சுக்கு வரும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் பொங்கல், மார்ச் வந்தால் பள்ளி முழுக்கத் தேர்வு ஞாபகம். உருப்படியாக வகுப்பு நடக்கிற வாரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குள் அடுத்த தலைவர் வந்துவிடுவார், அவருக்குக் கண் சிகிச்சை முகாம் நடத்த ஆசை இருக்கும், அதில் தவறே இல்லை, பாட்டு வகுப்புதான் நின்றுபோகும்.

ஆகவே பள்ளிக்குப் போவதற்கு முன்னால் சங்கத்துக்குள் ஒரு வேலை இருக்கிறது. இந்த வருடத் தலைவர், அடுத்த வருடத் தலைவர், முடிந்தால் அதற்கடுத்து வரப்போகிறவர் என்று மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். மூன்று வருடத்துக்கான தீர்மானமாகப் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். புதிதாக வந்தவர் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம், கையில் ஒரு பக்கத்தில் செலவுக் கணக்கோடு போகிறவர் பேச்சைப் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

பள்ளியைத் தேடுவது

ஒரே ஒரு பள்ளி போதும். ஐந்து பள்ளி என்று அறிக்கையில் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஐந்திலும் ஆளுக்கு நாலு வகுப்பு நடந்து எதிலும் ஒரு பாட்டுகூடத் தேறாது.

தலைமை ஆசிரியரைப் பார்க்கும்போது "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள். கேட்டால் பாவம், கழிவறை, பெஞ்சு, குடிநீர் என்று நியாயமான பட்டியல் ஒன்று வரும், பாட்டு அதில் கடைசியில்கூட இருக்காது. "வாரத்துக்கு இரண்டு வகுப்பு, எங்கள் செலவில் ஓர் ஆசிரியர், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, நேரம் ஒதுக்கித் தர முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தொடவே வேண்டாம். அரசுப் பள்ளி என்றால் வெளியாள் வந்து வகுப்பெடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும், தலைமை ஆசிரியர் வழியாகவே கல்வி அலுவலருக்குக் கடிதம் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்துக்கும் ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், அதில் பெற்றோர்தான் அதிகம் இருப்பார்கள், அவர்கள் மனது வைத்தால் வகுப்பு நிற்காது.

நேரம் விஷயத்தில் நாங்கள் ஒருமுறை நன்றாக ஏமாந்தோம். மாலை பள்ளி விட்ட பிறகு வகுப்பு வைத்தோம். முதல் நாள் முப்பது பேர். இரண்டாம் வாரம் ஒன்பது பேர். ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "சார், எங்க ஊருக்கு அந்த பஸ்ஸ விட்டா அடுத்தது இருட்டுனப்புறம்தான்" என்றான். அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஊசூர் பக்கமிருந்து இலவச பஸ் பாஸில் வருகிற பிள்ளைகளுக்கு மாலை நாலரை மணி வகுப்பு என்பது இல்லாத வகுப்புக்குச் சமம். பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பீரியட் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் பேருந்து நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு அதற்கேற்ப நேரம் குறியுங்கள்.

ஆசிரியர்

இதில்தான் நிறைய நேரம் போகும், போகட்டும்.

எங்கே தேடுவது? திருவண்ணாமலையில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்று வருடப் படிப்பு, அங்கே படித்து முடித்தவர்கள் நம் பக்கத்து ஊர்களில் நிலையான வேலை இல்லாமல் இருக்கிறார்கள். அரசுத் தேர்வுத் துறை நடத்துகிற தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு, அதை முடித்தவர்களையும் விசாரியுங்கள். கோயில் ஓதுவார்கள், சர்ச் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியமும் கீபோர்டும் வாசிக்கிறவர்கள், காட்பாடி காந்தி நகரிலும் சத்துவாச்சாரியிலும் வீட்டில் பாட்டுச் சொல்லித் தருகிற அம்மாக்கள், எல்லாரிடமும் கேளுங்கள்.

இன்னொரு வாசல் இருக்கிறது, அதைச் சங்கத்துக்காரர்கள் பெரும்பாலும் தட்டுவதே இல்லை. நம்முடையது பழைய வட ஆர்க்காடு. 1989-ல் மாவட்டம் பிரிந்தது, 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, கோடுகள் எத்தனை மாறினாலும் இந்த மண் கூத்துக்கும் பம்பைக்கும் உரியது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் விடிய விடிய முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்குப் பம்பை அடிக்கிறவர்களின் கையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கணக்கு எந்தக் கச்சேரி மேடைக்கும் குறைந்ததில்லை. இசைக் கல்வி என்றாலே கர்நாடக சங்கீதம் மட்டும்தான் என்று சங்கத்தில் யாராவது சொன்னால் மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்துப் பேசுங்கள். பெஞ்சில் தாளம் போட்டுத் திட்டு வாங்குகிற பையனுக்கு ஒரு பம்பைக் கலைஞரோ பறைக் கலைஞரோ ஆசிரியராக வந்து நின்றால் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அடையாள அட்டை வைத்திருக்கிற கலைஞர்கள் பலர் இருக்கிறார்கள், திருவிழாக் காலம் தவிர மற்ற மாதங்களில் அவர்களுக்கும் இந்த வருமானம் உதவும்.

ஆசிரியரைத் தேர்வு செய்ய உங்கள் முன்னால் பாடச் சொல்லாதீர்கள். பத்துப் பிள்ளைகளைக் கொடுத்து அரை மணி நேரம் சொல்லித்தரச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் உட்காருங்கள். எங்களிடம் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் கல்யாணி ராகத்தை அவ்வளவு அழகாக இழுத்தார், பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து வந்தவர் ஒரு சின்னப் பெண், கல்லூரி முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரையே 'ஸ' என்கிற சுரத்தில் பாடிக் காட்டச் சொன்னார். கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிரிச்சுட்டே பாடும்மா, பரவாயில்ல" என்றார் அவர். மூன்றாவது முறை அந்தக் குரல் சுருதியில் போய் நின்றது, அது அவளுக்கே தெரிந்தது, பொத்திய கையை எடுத்துவிட்டாள். யாரை வைத்துக்கொண்டோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சம்பளத்தை மாதம் 5-ம் தேதிக்குள் வங்கியில் போடுங்கள். மழைக்குக் கலெக்டர் விடுமுறை விட்டு வகுப்பு நடக்காவிட்டாலும் அந்த நாளுக்கும் கொடுங்கள். சால்வை போர்த்துவது சம்பளம் ஆகாது.

காசு எங்கிருந்து வரும்

ஒரு வகுப்புக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 2, மாதம் 8, பத்து மாதத்துக்கு 80 வகுப்பு, 48,000 ரூபாய். கருவி பழுது, சுருதிப் பெட்டி, நோட்டு என்று வருடத்துக்கு இன்னொரு 10,000. மூன்று வருடத்துக்கு மொத்தம் 1,74,000. முப்பது பேர் இருக்கிற சங்கத்தில் இதைத் தலைக்கு மாதக் கணக்காகப் பிரித்தால் 161 ரூபாய் சொச்சம், ஆம்பூரில் ஒரு ப்ளேட் பிரியாணி சாப்பிடுகிற செலவுதான். இந்தக் கணக்கைத்தான் நான் முதலில் சொன்ன அந்த ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

வெளியில் வாங்குவதென்றால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ரோட்டரி ஃபவுண்டேஷனின் ஏழு முக்கியத் துறைகளில் அடிப்படைக் கல்வி இருக்கிறது, இசை தனியாக இல்லை. குளோபல் கிராண்ட் என்கிற அதன் பெரிய மானியத்துக்குத் திட்ட மதிப்பே குறைந்தது 30,000 டாலர் வேண்டும், ஒரு பாட்டு வகுப்புக்கு அது பொருந்தாது. ரோட்டரி மாவட்டம் வழியாக வரும் மாவட்ட கிராண்ட் சின்னது, விதிகளும் கொஞ்சம் இளக்கம், அதற்கு எழுதுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தொழிற்சாலைகளைக் கேட்பதாக இருந்தால், கம்பெனிகள் சட்டத்தின் சமூகப் பொறுப்பு நிதிப் பட்டியலில் கல்வியும் இருக்கிறது, பாரம்பரியக் கலைகளை வளர்ப்பதும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே கடிதத்தில் எழுதுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம். சங்கத்தின் அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது என்று கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிக்கெட் போட்டு மெல்லிசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டலாமா என்று கேட்பார்கள். ஹால் வாடகை, ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி, சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கட்டணம், எல்லாம் போக மிஞ்சுவது குறைவு. முதல் வருடம் வேண்டாம்.

கருவி வாங்கும்போது

முதலில் வேண்டியது ஒரு எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, அவ்வளவுதான். மூன்று மாதம் போகட்டும், எந்தப் பிள்ளை எதில் கை வைக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், அதன் பிறகு அவர் சொல்வதை வாங்குங்கள். வாங்குவதற்கு முன்னால் உறுப்பினர்களின் வீட்டுப் பரண்களைக் கேளுங்கள். வெளிநாடு போய்விட்ட பிள்ளையின் கீபோர்டு, இரண்டு மாதம் கற்றுக்கொண்டு விட்ட வயலின் என்று எத்தனையோ வீட்டில் தூசியோடு கிடக்கிறது.

பெரியவர்களுக்கான வயலின் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டாது, முக்கால் அளவு, அரை அளவு என்று உண்டு, கையை நீட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கீபோர்டுக்கு 61 கட்டை போதும், ஆனால் அடாப்டரோடு வாங்குங்கள், விடுமுறை விட்டால் பேட்டரியைக் கழற்றி வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் வாசிக்கும்போது ரவையைப் பிசைந்து அப்புவார்கள். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்துத் துணியால் துடைக்க வேண்டும், அப்படியே விட்டால் காய்ந்து தோல் கெடும், எலியும் கரப்பானும் வரும். இதை ஆசிரியர் செய்யாமல் பிள்ளைகளே முறைபோட்டுச் செய்யப் பழக்குங்கள். தோல் மாற்றவும் வார் பிடிக்கவும் வருடத்துக்கு ஒருமுறையாவது செலவு வரும்.

வேலூர் வெயிலை மறக்கவே கூடாது. கத்திரி வெயில் காலத்தில் தகரக் கூரை அறையில் பூட்டி வைத்த வயலினின் ஒட்டு விட்டுப்போகும், மிருதங்கத் தோல் வெடிக்கும். ஏப்ரல் கடைசியில் எல்லாக் கருவிகளையும் காங்கிரீட் கூரை போட்ட, காற்று வருகிற அறைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் உறுப்பினர் யாராவது வீட்டில் வைத்திருந்து ஜூனில் திருப்பிக் கொடுங்கள்.

முதல் மூன்று மாதம்

பாடத்திட்டம் ஆசிரியர் வேலை, நாம் தலையிடக் கூடாது. ஒரு யோசனை மட்டும் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளியில் தவறாமல் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்தையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம். மோகன ராகம், மூன்றன் நடை, 55 விநாடி. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது இவ்வளவையும் சேர்த்தே சொன்னார்கள். எல்லாருக்கும் வரி தெரியும், ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுருதியில் கத்துவார்கள். ஒரு மாதம் அதையே ஒரே சுருதியில், மூச்சு எங்கே விடுவது என்று பார்த்துப் பழகிவிட்டால் ஒரு திங்கட்கிழமை காலை இறைவணக்கத்தில் முழுப் பள்ளியும் நின்று கேட்கும். இதைக் கேட்ட பிறகு கணக்கு ஆசிரியர்கூடப் பாட்டுப் பீரியடைக் கடன் கேட்க மாட்டார்.

அப்புறம் ஆரம்ப சுரப் பயிற்சியான சரளி வரிசை, கையில் ஆதி தாளம், கூடவே பாரதியார் பாட்டு, ஊர்ப் பாட்டு, ஏற்றப் பாட்டு. காட்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிற வள்ளிமலையில் வாழ்ந்த சச்சிதானந்த சுவாமிகள் திருப்புகழ் பாடுவதை ஊர் ஊராகப் பரப்பினார், அந்தச் சந்தத்தைப் பாட்டு வராத பிள்ளைக்கும் தாளத்தில் சொல்லச் சொன்னால் நாக்கு நன்றாகத் திரும்பும். ஆனால் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் கலந்து இருப்பார்கள், வேலூரில் அது இல்லாத பள்ளியே குறைவு. எல்லா வீட்டுப் பாட்டுக்கும் இடம் கொடுங்கள், எந்தப் பிள்ளையையும் எதையும் பாடக் கட்டாயப்படுத்த வேண்டாம். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு மகரக்கட்டு வரும் வயது. குரல் உடைந்ததும் வெட்கப்பட்டு வகுப்பை விட்டு ஓடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் பையனைத் தாளத்துக்கோ கீபோர்டுக்கோ மாற்றி உள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு

இதில் தயவு தாட்சண்யம் கூடாது. ஆசிரியர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று வாங்குங்கள், போக்சோ விதிகள் பிள்ளைகளோடு பழகுகிற ஊழியர்களுக்கு இதைக் கேட்கின்றன. கதவு திறந்த அறையில் வகுப்பு, பள்ளி ஆசிரியர் ஒருவர் பார்வையில். தனி வகுப்புக்கு வீட்டுக்கு வரச் சொல்வது கிடையாது. பிள்ளைகளின் போட்டோவைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

மேடை

பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா 2022-லிருந்து நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி மேலே போகும், வாய்ப்பாட்டும் கருவி இசையும் அதில் உண்டு. பிள்ளைகளுக்கு அதுதான் சரியான மேடை, ஏனென்றால் அங்கே அவர்கள் தங்கள் பள்ளிக்காகப் பாடுகிறார்கள். நம் பதவியேற்பு விழாவில் கடவுள் வாழ்த்துக்கு நிற்க வைத்து, விருந்தினர் தாமதமாக வரும்வரை காத்திருக்க வைத்து அனுப்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அழைத்தால் போகவர வண்டி, சாப்பாடு, இருபது நிமிட நிகழ்ச்சி, இருட்டுவதற்குள் வீடு. வட்டாரப் போட்டிக்குப் போகிற அன்றைக்கு உங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேராவது போய் நில்லுங்கள். பிள்ளைகள் மேடையிலிருந்து தெரிந்த முகத்தைத்தான் தேடுவார்கள்.

அடுத்தவர் கையில் கொடுப்பது

ஒரு நீள நோட்டு போடுங்கள். அதில் வகுப்பு நடந்த தேதி, வந்த பிள்ளைகள் எண்ணிக்கை, நடக்காத நாளுக்குக் காரணம், கருவிப் பட்டியல், பழுது பார்த்த செலவு, ஆசிரியரின் சம்பளம் போட்ட தேதி, எந்தப் பிள்ளை எந்தப் பாட்டு வரை வந்திருக்கிறது என்பதெல்லாம் இருக்கட்டும். ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்ததும் அந்த நோட்டோடு அடுத்த தலைவரை அழைத்துக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியரிடம் அறிமுகம் செய்து, புது ஆறாம் வகுப்பில் ஒரு வகுப்பை அவரை உட்கார்ந்து கேட்க வையுங்கள்.

அந்த பீரோ கீபோர்டை முதலில் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஸ்பிரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடாப்டர் வாங்கி மாட்டினோம். இரண்டு கட்டை மட்டும் இன்னும் பேசவில்லை. புதிதாக வாசிக்க வருகிற பிள்ளைக்கு அங்கே இருக்கிறவர்கள் முதலில் சொல்லித் தருவது அந்த இரண்டு கட்டைகளைத் தாண்டி விரலை எப்படிக் கொண்டுபோவது என்பதைத்தான். அடுத்த மாதம் கட்டை மாற்றிக் கொடுக்க ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.